தேநீர்ப் பையும் கிழிந்த சட்டையும்

நாளைக் காலை தேநீர் கலக்கும்போது ஒரு தேநீர்ப் பையைத் தனியாக எடுத்து வையுங்கள். வெந்நீரில் போட வேண்டாம். ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, தூளை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, வெறும் பையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிரமிடு வடிவில் வரும் நைலான் பை வேண்டாம். அது நெய்த வலை. சாதாரண வெள்ளைக் காகிதப் பைதான் நமக்குத் தேவை.

என்ன தெரிகிறது? நெடுக்கே போகும் பாவு நூல் இல்லை. குறுக்கே போகும் ஊடு நூலும் இல்லை. மெல்லிய இழைகள் தாறுமாறாக ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. ஆனாலும் கொதிக்கும் நீரில் போட்டால் பை கரைவதில்லை, கிழிவதில்லை. தூளை உள்ளேயே வைத்துக்கொண்டு சாற்றை மட்டும் வெளியே விடுகிறது. நூலே இல்லாத இந்தத் துணிக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது?

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் அந்த மலைச்சரிவுகளில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் நம் முன்னோர்கள். அங்கிருந்து வரும் தேயிலைத் தூளை நாம் தினமும் பார்க்கிறோம். அது வரும் பையைப் பார்ப்பதில்லை. இன்றைய பாடம் அந்தப் பையில் தொடங்கி, உங்கள் அலமாரியின் மூலையில் கிடக்கும் கிழிந்த சட்டையில் வந்து நிற்கும்.

துணி மூன்று வகை

பாவும் ஊடும் மாறி மாறிப் பின்னி உருவாவது நெய்த துணி. வேட்டி, சேலை, பள்ளிச் சீருடைச் சட்டை எல்லாம் இந்த வகை. ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்வது பின்னல் துணி. பனியனும் டி-சட்டையும் இந்த வகை. அதனால்தான் அவை இழுத்தால் நீள்கின்றன.

மூன்றாவது வகைக்கு நூலே தேவையில்லை. இழைகளை நேரடியாகத் தாள்போலப் பரப்பி, அவற்றைச் சிக்கவைத்தோ ஒட்டவைத்தோ துணி ஆக்குகிறார்கள். இதுதான் நெய்யாத் துணி. முகக்கவரி, பேரங்காடியில் கிடைக்கும் மறுபயன்பாட்டுப் பை, ஈரத் துடைப்பான், தேநீர்ப் பை ஆகியவை எல்லாம் நெய்யாத் துணியே.

தேநீர்ப் பைக்குப் பெரும்பாலும் அபாகா என்ற செடியின் இழையைப் பயன்படுத்துகிறார்கள். வாழை இனத்தைச் சேர்ந்த இந்தச் செடி பிலிப்பைன்ஸில் மிகுதியாக விளைகிறது. இழைகளை நீரில் கலக்கி, சல்லடைமேல் படியவைத்து, உலர்த்தி எடுக்கிறார்கள். பையின் ஓரத்தைப் பாருங்கள். பசையோ தையலோ இல்லாமல் ஒட்டியிருந்தால், அந்தத் தாளில் வெப்பத்தில் உருகும் நெகிழி இழையும் கலந்திருக்கிறது என்று பொருள். சூடான உருளை அழுத்தும்போது நெகிழி இழை உருகுகிறது. அபாகா இழை உருகாமல் நிற்கிறது. ஆறியதும் உருகியது உருகாததை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஒரு வரியை மறக்காதீர்கள்: உருகியது உருகாததைப் பிடிக்கிறது. கட்டுரை முழுவதும் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

பழைய துணி எங்கே போகிறது?

தோட்டத்தில் வளர்ந்த பாட்டி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பழைய சேலை பிள்ளைக்குத் தூளியானது. பழைய வேட்டி அணையாடையானது. தூளியும் நைந்துபோனால் அது தலையணைக்குள் அடைபட்டது, அல்லது அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணியானது. கடைசியில் அடுப்பிலோ மண்ணிலோ போய் முடிந்தது. பெரும்பாலும் பருத்தி என்பதால் மண்ணும் அதை ஏற்றுக்கொண்டது.

இன்றைய நிலைமை வேறு. இரவுச் சந்தையிலும் பண்டல் கடையிலும் சில ரிங்கிட்டுக்குச் சட்டை கிடைக்கிறது. அதன் கழுத்துப் பட்டியில் இருக்கும் சீட்டைப் படித்தால், பெரும்பாலும் பாலியெஸ்டர் என்றோ பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது என்றோ இருக்கும். பாலியெஸ்டர் என்பது குடிநீர்ப் போத்தல் செய்யப் பயன்படும் அதே வகை நெகிழி. மண்ணில் எளிதில் மக்காது. கரித்துணியாகவும் உதவாது, சூடான சட்டியில் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

எலன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உலக நிலவரத்தைக் காட்டியது. ஆடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் 73 விழுக்காடு கடைசியில் புதைக்கப்படுகிறது அல்லது எரிக்கப்படுகிறது. மீண்டும் புதிய ஆடையாக மாறுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

பஹாங் உள்ளிட்ட சில மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். துணியும் பிரிக்க வேண்டிய பொருள்களில் ஒன்று. 2018இல் தொடங்கிய குளோத் கேர்ஸ் இயக்கம் நம் நாட்டில் துணி சேகரிக்கும் தொட்டிகளை வைத்து வருகிறது. சரி, சேகரித்தாகிவிட்டது. உடுத்தத் தகுந்ததை யாராவது உடுத்தலாம். கிழிந்ததை, சாயம் போனதை, கறை படிந்ததை என்ன செய்வது?

ஏன் மறுபடியும் நூலாக்கக் கூடாது?

இந்த யோசனை புதிதன்று. 1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் உள்ள பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து இழையாக்கி, புதிய கம்பளியோடு கலந்து நூற்றுக் காட்டினார். அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். மட்டமான பொருளைக் குறிக்க இன்றும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் அரியானா மாநிலத்தின் பானிபட் நகரம் இதே தொழிலுக்குப் பேர்பெற்றது. உலகின் பல நாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி உடைகள் அங்கே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, போர்வைகளாகின்றன. தமிழ்நாட்டில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளுக்குத் தனிச் சந்தையே உண்டு. கொஞ்சம் பட்டறைகளுக்குத் துடைக்கும் ‘பனியன் வேஸ்ட்’ ஆகிறது. மீதி இழையாக்கப்பட்டு, ஓபன் எண்ட் நூற்பாலைகளில் தடித்த நூலாகிறது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நூல் என்பது பல இழைகளை முறுக்கி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளச் செய்தது. இழை நீளமாக இருந்தால் பிடிமானம் அதிகம். நல்ல பருத்தி இழையின் நீளம் ஏறத்தாழ 25 முதல் 32 மில்லிமீட்டர். துணியை முள் உருளையில் கொடுத்துக் கிழிக்கும்போது இழைகள் அறுபடுகின்றன. பல இழைகள் 10, 15 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகின்றன. தூசியாகவே போவதும் உண்டு. ஏற்கெனவே நைந்த சட்டை என்றால் நிலைமை இன்னும் மோசம். இந்தக் குட்டை இழையை மட்டும் வைத்து நூற்றால் நூல் அறுந்து அறுந்து போகும்.

ஆகவே நூற்பாலை அதை வேண்டாம் என்று தள்ளுகிறது. அந்த இழை உண்மையிலேயே பயனற்றதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புல்லும் வேரும் சொல்லும் கணக்கு

தோட்டத்தில் களை பிடுங்கியிருப்பீர்கள். வேர் மேலோட்டமாக இருந்தால் புல் முழுதாகக் கையோடு வந்துவிடும். வேர் ஆழமாக இருந்தால் என்ன ஆகும்? புல் பாதியில் அறுந்து கையில் வரும். வேர் மண்ணிலேயே தங்கிவிடும். வேரைச் சுற்றியுள்ள மண்ணின் பிடிமானம், வேரின் சொந்த வலிமையைவிட அதிகமாகிவிட்டது என்பதே காரணம்.

நெகிழிக்குள் புதைந்திருக்கும் இழையும் அப்படித்தான். இழை மிகக் குட்டையாக இருந்தால், இழுக்கும்போது நெகிழியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அதன் வலிமை வீண். போதிய நீளம் இருந்தால், உருவ முடியாமல் தன் முழு வலிமையையும் காட்டும். அந்த எல்லை நீளத்துக்கு மாறுநிலை நீளம் என்று பெயர். அதன் சூத்திரம் எளியது:

மாறுநிலை நீளம் = (இழையின் இழுவலிமை × இழையின் விட்டம்) ÷ (2 × ஒட்டுப்பரப்பின் பிடிவலிமை)

பருத்தி இழையின் இழுவலிமை 400 மெகாபாஸ்கல் என்றும், விட்டம் 0.016 மில்லிமீட்டர் என்றும், நெகிழிக்கும் இழைக்கும் இடையிலான பிடிவலிமை 8 மெகாபாஸ்கல் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

400 × 0.016 = 6.4
2 × 8 = 16
6.4 ÷ 16 = 0.4 மில்லிமீட்டர்

விடையைக் கவனியுங்கள். வெறும் 0.4 மில்லிமீட்டர்! நூற்பாலை ‘குட்டை’ என்று தள்ளிய 10 மில்லிமீட்டர் இழை, இதைப்போல 25 மடங்கு நீளம். நூலுக்குக் குட்டையாகிப்போன இழை, நெகிழிக்குள் புதைத்தால் தாராளமாக நீளம். சட்டை கிழிந்ததால் நூலும் நெசவும்தான் போயின. இழையின் வலிமையில் பெரும் பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது.

கம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருளின் தத்துவம் இதுதான். நான்காம் படிவ வேதியியலில் வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டையும் கண்ணாடியிழை நெகிழியையும் படித்திருப்பீர்கள். ஒன்றில் எஃகுக் கம்பி வலுவூட்டுகிறது, கான்கிரீட் பிணைக்கிறது. மற்றொன்றில் கண்ணாடியிழை வலுவூட்டுகிறது, நெகிழி பிணைக்கிறது. கண்ணாடியிழை இருந்த இடத்தில் இப்போது நம் பழைய சட்டை வருகிறது.

சட்டை பலகையாகும் வழி

முதல் படி, பிரித்தல். பொத்தான், ஜிப், கொக்கி, தடித்த ரப்பர் அச்சு எல்லாம் அகற்றப்பட வேண்டும். ஓர் உலோகப் பொத்தான் உள்ளே போனாலும் இயந்திரத்தின் முள் உடையும். உரசலில் தீப்பொறி பறந்து பஞ்சு பற்றிக்கொள்ளவும் கூடும்.

இரண்டாம் படி, வெட்டலும் கிழித்தலும். துணி சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. அந்தத் துண்டுகள் முள் பதித்த உருளைகளுக்கு இடையே போகின்றன. முதல் உருளையில் முள் பெரியது. போகப் போகச் சிறியது. கடைசி உருளையைத் தாண்டும்போது துணி பஞ்சாகியிருக்கும்.

மூன்றாம் படி, கலத்தல். இந்தப் பஞ்சோடு பாலிப்ரோப்பிலீன் போன்ற, குறைந்த வெப்பத்தில் உருகும் இழையைக் கலக்கிறார்கள்.

நான்காம் படி, பரப்புதல். கார்டிங் இயந்திரம் பஞ்சைச் சீப்பால் வாருவதுபோல வாரி, மெல்லிய வலையாக்குகிறது. அந்த வலையை மடித்து மடித்து அடுக்கினால் மெத்தைபோல ஆகும். காற்றில் ஊதிப் பரப்பும் முறையும் உண்டு. குட்டை இழைக்கு அது வசதியானது.

ஐந்தாம் படி, ஊசிக்குத்து. ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை ஒன்று, நிமிடத்துக்குப் பல நூறு தடவை மெத்தைக்குள் இறங்கி ஏறும். இது நூல் கோத்துத் தைக்கும் ஊசியன்று. பக்கவாட்டில் தூண்டில் முள்போன்ற சிறு வெட்டுகள் இருக்கும். அவை மேலே உள்ள இழையைக் கீழே இழுத்துச் சிக்கவைக்கும். பசை இல்லாமலேயே ஃபெல்ட் எனப்படும் கெட்டியான நெய்யாத் துணி கிடைத்துவிடும்.

ஆறாம் படி, அழுத்தம். ஃபெல்ட்டைச் சுமார் 180 முதல் 200 பாகை செல்சியஸில் சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். இங்கேதான் உருகுநிலை வேலை செய்கிறது. பாலிப்ரோப்பிலீன் ஏறத்தாழ 165 பாகையில் உருகும். பாலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டித்தான் உருகும். பருத்தி உருகவே உருகாது. வெப்பம் மிகுந்தால் கருகும். ஆகவே 190 பாகையில் பாலிப்ரோப்பிலீன் மட்டும் உருகி, பருத்தியையும் பாலியெஸ்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தேநீர்ப் பையின் ஓரத்தில் பார்த்ததே இங்கும் நடக்கிறது.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி என்றால் மறுசுழற்சி செய்பவர்களுக்குத் தலைவலி. இரண்டையும் பிரிப்பது கடினம். இந்த முறையிலோ பிரிக்கவே தேவையில்லை. இரண்டுமே உருகாமல் நின்று வலுவூட்டும்.

‘பஞ்சையும் நெகிழியையும் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றினால் என்ன? எதற்கு நெய்யாத் துணி?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உருக்கிக் கலக்கும் இயந்திரத்தின் திருகு, இழைகளை அரைத்து மேலும் குட்டையாக்கிவிடும். மாறுநிலை நீளத்துக்குக் கீழேகூடப் போய்விடலாம். நெய்யாத் துணியாகப் பரப்பி அழுத்தினால், மிச்சமிருக்கும் நீளம் காப்பாற்றப்படுகிறது.

எவ்வளவு விறைப்பு கிடைக்கும்?

மிகைப்படுத்தாமல் இதையும் கணக்கிடுவோம். பாலிப்ரோப்பிலீனின் விறைப்பு, அதாவது யங் குணகம், 1.4 கிகாபாஸ்கல் என்றும் பருத்தியின் விறைப்பு 8 கிகாபாஸ்கல் என்றும் கொள்வோம். பலகையின் கன அளவில் 30 விழுக்காடு பருத்தி.

எல்லா இழையும் ஒரே திசையில் நின்றால்:
(0.3 × 8) + (0.7 × 1.4) = 2.4 + 0.98 = 3.38 கிகாபாஸ்கல்

ஆனால் நெய்யாத் துணியில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒரு திசையில் இழுக்கும்போது எல்லா இழையும் முழுதாக உதவுவதில்லை. ஒரு தளத்தில் தாறுமாறாகக் கிடக்கும் இழைக்கு 3/8 என்ற காரணியால் பெருக்குவது வழக்கம்:
(0.375 × 0.3 × 8) + 0.98 = 0.9 + 0.98 = 1.88 கிகாபாஸ்கல்

வெறும் நெகிழியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. பருத்திக்குப் பதிலாக 70 கிகாபாஸ்கல் விறைப்புள்ள கண்ணாடியிழையைப் போட்டால் விடை 8.9 கிகாபாஸ்கலை நெருங்கும். ஆகவே பழைய சட்டையால் பாலம் கட்ட முடியாது. ஆனால் கார்க் கதவின் உட்பக்கத் தகடு, பின்பெட்டியின் தளம், அறைத் தடுப்பு போன்ற, பெரிய சுமை தாங்காத இடங்களுக்கு அது போதும். எடையும் குறைவு: கண்ணாடியின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், பருத்தியின் அடர்த்தி ஏறத்தாழ 1.5 கிராம்தான்.

ஃபெல்ட்டை முழுதாக அழுத்தாமல் விட்டால் அதற்குள் காற்று தங்கும். அது ஒலியையும் வெப்பத்தையும் தடுக்கும். பல கார்களில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் பல வண்ணப் புள்ளிகளோடு ஒரு கனமான ஃபெல்ட் இருக்கும். அந்தப் புள்ளிகள் யாரோ ஒரு காலத்தில் உடுத்திய ஆடைகள்.

கந்தலால் ஆன கார்

‘இதெல்லாம் ஏட்டளவில்தானா?’ என்று நினைக்க வேண்டாம். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இந்தத் தத்துவத்தில் செய்யப்பட்டுச் சாலையில் ஓடின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் கார் உடல் செய்யத் தகுந்த எஃகுத் தகடு கிடைப்பது அரிதாக இருந்தது. சுவிக்காவ் நகரத் தொழிற்சாலையின் பொறியாளர்கள் மாற்று தேடினார்கள். சோவியத் யூனியனிலிருந்து வந்த பருத்திக் கழிவைப் பரப்பி, அதில் பீனால் பிசினைச் சேர்த்து, சூட்டில் அழுத்தித் தகடு செய்தார்கள். அதற்கு டூரோபிளாஸ்ட் என்று பெயர். எஃகுச் சட்டத்தின்மேல் அந்தத் தகடுகளைப் பொருத்தி 1957 முதல் டிராபன்ட் என்ற காரைத் தயாரித்தார்கள். கதவு, கூரை, முன்மூடி எல்லாம் பருத்திக் கழிவால் ஆனவை. துருப்பிடிக்கவில்லை. 1991வரை உற்பத்தி நடந்தது.

கதையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். பீனால் பிசின் இறுகும் நெகிழி வகை. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. ஜெர்மனி ஒன்றானபின் மக்கள் அந்தக் கார்களைக் கைவிட்டபோது, எஃகை உருக்கிவிட்டார்கள். டூரோபிளாஸ்ட்டை உருக்க முடியவில்லை. எரித்தால் நச்சுப்புகை. கழிவிலிருந்து பிறந்தது, முடிவில் மேலும் தொல்லை தரும் கழிவானது.

பாலிப்ரோப்பிலீன் இளகும் நெகிழி வகை. சூடாக்கினால் மீண்டும் இளகும். அதனால் ஓரளவு நல்லது. ஆனால் அதையும் மறுபடி அரைத்து உருக்கும்போது இழை இன்னும் குட்டையாகும். ஒவ்வொரு சுற்றிலும் தரம் ஒரு படி இறங்கும். ‘மறுசுழற்சி’ என்ற சொல் முடிவில்லாத வட்டத்தை நினைவூட்டுகிறது. உண்மையில் இது மாடிப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே.

மலைக்கு வந்தால் என்ன சிக்கல்?

கேமரன் மலையில் துணி காயவைக்கும் எவருக்கும் தெரியும்: பருத்திச் சட்டை காய இரண்டு நாள் ஆகும், பாலியெஸ்டர் சட்டை மாலைக்குள் காய்ந்துவிடும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான். ஆயிரம் கிலோ உலர் பருத்தி 85 கிலோ நீரைச் சுமக்கிறது என்றால், பனிமூட்டம் சூழ்ந்த மலையில் இன்னும் எவ்வளவு கூடும்?

அந்த நீர் 190 பாகை அச்சுக்குள் போனால் நீராவியாகி, பலகைக்குள் கொப்புளம் உண்டாக்கும். பலகை உருவான பிறகும் பருத்தி ஈரத்தை இழுத்து உப்பும். மேலும் பருத்தி நீரை விரும்பும். பாலிப்ரோப்பிலீன் நீரை வெறுக்கும். இரண்டும் தாமாக ஒட்டாது. இரு பக்கமும் பிடிக்கக்கூடிய மலியிக் அன்ஹைட்ரைடு சேர்த்த பாலிப்ரோப்பிலீனைச் சிறிதளவு கலந்துதான் அவற்றைச் சேர்த்துவைக்கிறார்கள்.

அப்படியானால் தானா ராத்தாவில் ஒரு தொழிற்சாலை கட்டுவது அறிவா? யோசித்துப் பாருங்கள். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலை சுமார் 60 கிலோமீட்டர். துணி எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. தளர்வாக ஏற்றினால் லாரி பாதி காற்றைச் சுமக்கும். ஒரு மலைப்பகுதியின் பழைய துணி, பெரிய தொழிற்சாலை ஒன்றுக்குப் போதாது. எனவே மலையில் செய்ய வேண்டிய வேலை பிரிப்பது, உலர்த்துவது, பொத்தான் அகற்றுவது, இறுக்கிக் கட்டுவது. கீழே செய்ய வேண்டியது கிழிப்பதும் அழுத்துவதும். குப்பைத் தொட்டியில் மழைநீரில் ஊறிய சட்டை பூஞ்சை பிடித்துவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் அதை வாங்காது. ஆகவே துணி குப்பையாவதும் மூலப்பொருளாவதும் முதலில் உங்கள் வீட்டில்தான் முடிவாகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கிழிக்கும் இயந்திரத்தின் அருகே பஞ்சுத்தூசி பறக்கும். அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். தூசி உறிஞ்சும் கருவியும் முறையான முகக்கவரியும் இல்லாத ஆலை, துணிக்கு மறுவாழ்வு கொடுத்து மனிதனின் மூச்சைப் பறிக்கிறது.

செய்து பார்ப்போம்

தேவையானவை: பழைய பருத்திப் பனியன், கம்பிப் பல் வைத்த செல்லப்பிராணிச் சீப்பு, வெள்ளைப் பசை, நெகிழித் தாள் இரண்டு, கனமான புத்தகங்கள், 20 சென் நாணயங்கள், அளவுகோல், முகக்கவரி.

1. முகக்கவரி அணிந்து, பனியன் துண்டுகளைச் சீப்பால் வாரிப் பஞ்சாக்குங்கள்.
2. பஞ்சை மூன்று சம எடைப் பங்குகளாகப் பிரியுங்கள். அ: எல்லா இழையும் நீளவாக்கில். ஆ: எல்லாத் திசையிலும். இ: எல்லா இழையும் அகலவாக்கில்.
3. ஒவ்வொன்றையும் நெகிழித் தாளின்மேல் 20 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் பரப்பி, ஒரே அளவு பசையைத் தடவி ஊறவிடுங்கள்.
4. மேலே இன்னொரு தாளை வைத்து, புத்தகங்களால் ஒரு மணி நேரம் அழுத்துங்கள். பிறகு மேல் தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். மலையில் மூன்று, நான்கு நாள் ஆகலாம்.
5. 15 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு புத்தகங்களின்மேல் பட்டையைப் பாலம்போல வைத்து, நடுவில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனை நாணயத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தற்சார்பு மாறி: இழையின் திசை. சார்பு மாறி: வளைவின் அளவு. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: பஞ்சின் எடை, பசையின் அளவு, பட்டையின் நீள அகலம். நாம் போட்ட கணக்கின்படி எது மிகக் குறைவாக வளைய வேண்டும்? முதலில் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு சோதியுங்கள். ஊகம் தவறினால் ஏன் தவறியது என்று எழுதுங்கள்.

சிந்திக்க

1. இழைக்கும் நெகிழிக்கும் இடையிலான பிடிவலிமை 8 மெகாபாஸ்கலிலிருந்து 4 மெகாபாஸ்கலாகக் குறைந்தால் மாறுநிலை நீளம் என்ன ஆகும்? 10 மில்லிமீட்டர் இழை அப்போதும் போதுமா?
2. பாலிப்ரோப்பிலீனுக்குப் பதிலாகப் பாலியெஸ்டரையே உருக்கிப் பிணைத்தால் பருத்திக்கு என்ன நேரும்?
3. ‘இந்தச் சட்டையை மறுசுழற்சி செய்துவிடலாம், ஆகவே இன்னும் இரண்டு வாங்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

மூன்றாம் கேள்விக்கு விடை தேடும்போது பாட்டியின் வரிசையை நினைத்துப் பாருங்கள்: சேலை, தூளி, தலையணை, கரித்துணி. முதலில் உடுத்தினார், பிறகு தைத்தார், பிறகு வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார், கடைசியில்தான் கைவிட்டார். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் முடிந்தவரை நின்று இறங்கினார். பொறியியல் அந்தப் படிகளுக்குக் கீழே இன்னொரு படியைக் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மேலே உள்ள படிகளைத் தாண்டிக் குதித்து அங்கே போய் நிற்க வேண்டியதில்லை.

வெட்டிய தேநீர்ப் பையின் தூள் கிண்ணத்தில் இருக்கிறதல்லவா? அதை வீணாக்காமல் வடிகட்டி, தேநீர் போட்டுக் குடியுங்கள்.